கரித்தூசி என்று எழுதிக் கொடுத்தவள்

என் மகனே, நீ மைசூர் ரயிலில் ஏறிப் போய் இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் ஏழு தடவை இருமினாய். இதைக்கூடவா எண்ணுவாய் என்று கேட்பாய். எண்ணினேன். எண்ணுவதுதானே எனக்குப் பிழைப்பாக இருந்தது. "என்னல இப்படி இருமுத?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, இங்கன ரோடு போடுதாங்க, ஒரே தூசி" என்றாய். மிளகுப் பால் குடி, பச்சைத் தண்ணீர் குடிக்காதே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். "பயலா? என்னவாம்?" என்று உன் அப்பா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வதில் நம் வீட்டில் மூன்று பேருமே கெட்டிக்காரர்கள்.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று கத்தரித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். காலைச் சமையலை ஒதுக்கிவிட்டேன். உன் அப்பா துறைமுகத்துக்கு, அவருடைய கிளியரிங் ஆபீஸுக்குப் போய்விட்டார். நீ விட்டுப்போன பழைய நோட்டில் எழுதுகிறேன், முன்பக்கங்களில் உன் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி இருக்கிறது, கையெழுத்து அப்போதே கோழி கிண்டியதுபோலத்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் அல்ல. உன்னோடு உலர்த்தி அறையில் நிற்கப்போகிறவர்கள், உனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள், யார் கேட்டாலும் படிக்கக் கொடு. தமிழ் தெரியாதவர்களுக்கு நீயே வாசித்து அர்த்தம் சொல். இருபது வருஷத்துக்கு மேல் ஒளித்து வைத்திருந்த விஷயம் இதில் இருக்கிறது, இனி ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

நீ கிளம்புகிற அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதுவரை கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்திப் பார்த்த உங்கள் புது நொதியை வருகிற திங்கட்கிழமை முதல் தடவையாகப் பெரிய அளவில் உலர்த்திப் பொடியாக்கப் போகிறீர்கள், அந்த உலர்த்தி அறைக்கு நீதான் பொறுப்பு என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு துண்டு மீனை உன் தட்டில் வைத்தேன். அப்புறம், "ஒனக்கு ஒரு ரகசியம் சொல்லட்டா? இத எதுலருந்து உருவாக்கினோம் தெரியுமா? ஒன்னோட பழைய நாப்பத்திரெண்டுலருந்துதான்" என்றாய். நாற்பத்திரண்டு என்பது ஒரு காலத்தில் நான் சலித்தெடுத்த நொதி. நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது அதன் பாக்டீரியாக்களை யாரோ வாங்கி, அவர்களிடமிருந்து இன்னொருவர் வாங்கி, கடைசியில் உங்கள் குளிர்பெட்டிக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. மாஸ்க் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "கதவத் தொறக்கும்போது மட்டுந்தானம்மா தூசி பறக்கும். சேவியர் மாமா மாதிரி மூச்சப் புடிச்சிக்கிடுதேன்" என்றாய். நான் உடனே எழுந்து ரசம் எடுக்கப் போனதுபோல அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே ரசம் இல்லை, அன்றைக்கு நான் ரசமே வைக்கவில்லை.

என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த சேவியர் மாமா மூச்சைப் பிடித்த கதை உனக்குத் தெரியும். அவர் எப்படிச் செத்தார் என்பது தெரியாது. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. ஆஸ்துமா என்று சொன்னோம். ஊருக்கும் அப்படித்தான் சொன்னோம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக, நான் பார்த்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். சாயர்புரத்தில் பி.எஸ்ஸி. படித்து, மதுரையில் மேலே படித்துவிட்டு வந்த எனக்கு, ஊருக்கு மேற்கே புதிதாக வந்திருந்த ஒரு நொதிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சோப்புத் தூளில் கலக்கிற நொதி. துணியில் காய்ந்துபோன ரத்தம், முட்டை, மீன் குழம்பு, இவற்றில் உள்ள புரதத்தை அறுத்துப்போடுவது அதன் வேலை. இயற்கையில் கிடைக்கிற நொதி சூடு தாங்காது, சோப்பு தாங்காது. அதனால் அதன் ஜீனைப் படியெடுக்கும்போது வேண்டுமென்றே அங்கங்கே பிழை விழும்படி செய்வோம். பிழை விழுந்த ஒவ்வொரு படியையும் ஒரு பாக்டீரியாவுக்குள் ஏற்றினால், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறின நொதியைச் செய்யும். ஆயிரக்கணக்கில் இருக்கும். பெரும்பாலும் உதவாக்கரை. ஒன்றிரண்டு முன்னதைவிட நன்றாக இருக்கும். அதை எடுத்து மறுபடி பிழை விழ வைத்து, மறுபடி சலித்து, மறுபடி எடுப்போம். இதில் ஜீனோடு விளையாடுவது சின்ன வேலை. சலிப்பதுதான் பெரிய வேலை, அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள்.

மூல பாக்டீரியாவைக் கொண்டுவந்ததே சேவியர் அண்ணன்தான். கம்பெனியில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த புதிது அவர். "மேடம், ஒங்களுக்கு நாத்தம் புடிச்ச மண்ணுதான வேணும்? முத்துக்குளிச்ச காலத்துல எங்க ஆளுவ சிப்பியக் குவிச்சி அழுவப் போட்ட எடம் ஒண்ணு கெடக்கு, அள்ளிட்டு வாறேன்" என்று சொல்லி, திரேஸ்புரத்துப் பக்கமிருந்து ஒரு பெயின்ட் டப்பா நிறையக் கொண்டுவந்தார். சிப்பியின் தசை கரைந்து முத்து மட்டும் மிஞ்சுகிற வரை அழுகவிட்ட இடம், தசையைத் தின்கிற கிருமி அங்கே இருக்கத்தானே செய்யும். அந்த மனிதர் எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் லேபில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

இன்றைக்கு நீ ஒவ்வொரு பாக்டீரியாவையும் எண்ணெய்க்குள் மிதக்கிற ஒரு பொட்டுத் துளியில் அடைத்து, லேசரை அடித்து, மினுங்குகிற துளியை மட்டும் மெஷினை வைத்தே பிரித்தெடுக்கிறாய். "நீ ஆயுசு பூரா பாத்தத நாங்க மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பாத்துருவோம்மா" என்று என்னைக் கிண்டல் பண்ணினாய். பண்ணு. எங்களுக்கு இருந்தது பாக்டீரியாவை வளர்க்கிற, பால் கலந்த கூழ்த் தட்டுதான். பால் கலந்தால் தட்டு வெள்ளையாகக் கலங்கியிருக்கும். நல்ல நொதி செய்கிற பாக்டீரியாப் புள்ளியைச் சுற்றிப் பால் கரைந்து தெளிவான வட்டம் விழும். ஸ்கேல் வைத்து வட்டத்தை அளப்பேன். பெரிய வட்டத்தைப் பல் குத்துகிற குச்சியால் தொட்டு, தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு குழியாகப் போடுவேன். குழியில் சாயம் கோத்த ஒரு பொருள் இருக்கும், நொதி அதை அறுத்தால் மஞ்சள் நிறம் வெளியே வரும். ஒரு தடவை எறும்பு வந்து நாலு தட்டுப் பாலையும் அரித்து, நான் எறும்பு தின்ற வட்டத்தை அளந்து நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை தட்டின் ஓரத்துக் குழிகள் எல்லாம் ஜோராக வேலை செய்கின்றன என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். நம் ஊர் வெயிலில் ஓரத்துக் குழிகளில் தண்ணீர் வற்றிச் சாயம் கெட்டியாகியிருந்தது, வேறொன்றும் இல்லை. மூன்று மாதம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு நொதி, சோதனைக் குழியில் மஞ்சள் சாயத்தை நொடியில் வெளியேற்றியது, துணியில் காய்ந்த முட்டையை ஒன்றும் செய்யவில்லை. அழுதேவிட்டேன். சாயத்தைக் கேட்டேன், சாயத்துக்குத்தான் பதில் வந்தது. கறையைப் பற்றிக் கேட்காத கேள்விக்கு அது எங்கிருந்து பதில் சொல்லும்?

அதற்கப்புறம் நான் கெட்டிக்காரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சூட்டில் போட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டேன். சோப்பில் ஊறவைத்துக் கேட்டேன். பிளீச்சிங்கில் கேட்டேன். நிஜத் துணியில், நிஜக் கறையில் கேட்டேன். எல்லாவற்றையும் தாண்டி வந்தது நாற்பத்திரண்டாம் குழி. அதைச் சாகடிக்க முடியவில்லை. ஒரு தட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கிற குழி இல்லாமல் நான் சோதனை செய்ததில்லை. மாற்றாத நொதி ஒரு வரிசை, நொதியே இல்லாதது ஒரு வரிசை. அது இல்லாத தட்டைக் கொண்டுவந்தால் தூக்கிக் குப்பையில் போடுவேன், அப்படிப்பட்ட ராங்கிக்காரி. ஆனால் அந்த நாற்பத்திரண்டு காற்றில் பறந்து ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று நான் ஒரு தட்டிலும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. புரதத்தை அறுக்கிற, எதற்கும் சாகாத ஒன்றைத் தேடித் தேடி வளர்த்தேனே, நுரையீரலும் புரதம்தானே என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை?

சேவியர் அண்ணன் எங்களிடம் வருவதற்கு முன் சங்கு குளித்தவர். எட்டுப் பாகம், நாற்பது அடிக்கு மேல் ஆழத்துக்குக் கம்ப்ரஸர் காற்று இல்லாமல் முங்கி எழுந்தவர். கூடக் குளித்த ஒருவன் திரும்பி வராததைப் பார்த்துவிட்டு அவர் மனைவி பிலோமி பிடிவாதம் பிடித்துத்தான் கரைவேலைக்கு அனுப்பினாள். "கடல் வேண்டாம், ஒருநாள் முழுங்கிரும்" என்றாளாம். நாற்பத்திரண்டைப் பொடியாக்க உலர்த்தி வந்தபோது, அவரை அந்த அறைக்கு மாற்றினோம். நொதித் தண்ணீரைச் சூடான காற்றில் பீய்ச்சினால் மாவுபோல விழும். பையில் சேரும். பையைக் கழற்றும்போது அறை முழுக்கப் புகைமூட்டம்போலத் தூசி எழும்பும். மாஸ்க் கொடுத்தோம். அவர் போட்டுக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்கு மேடம் இந்த மூக்குப் பை? நான் ஒரு முங்கு முங்கினா பைய மாத்தி, கதவ மூடிட்டு வெளிய வந்துதான் மூச்சு விடுவேன்" என்றார். அப்படியேதான் செய்வார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பையைக் கழற்றி, புதுப்பையை மாட்டி, வெளியே வருவார். நாங்கள் கைதட்டுவோம். நானும்தான் தட்டினேன். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டுபோய் வேடிக்கை காட்டுவேன். நீ கேட்ட கதை இதுவரைக்கும்தான்.

கடலில் மூச்சைப் பிடித்தவன் மேலே வந்து நல்ல காற்றை இழுப்பான். உலர்த்தி அறையின் வாசல் கடலின் மேல்மட்டம் அல்ல. தலைமுடி, சட்டை, புருவம் எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடியோடு வெளியே வந்து நின்று, அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து வாயைத் திறந்து ஒரே இழுப்பாக இழுப்பார். சாதாரணமாக மூச்சு விடுகிறவன் இழுப்பதைவிட மூன்று மடங்கு. இதை நான் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வருஷத்தில் இருமல் வந்தது. முதலில் சாயங்காலம் மட்டும். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நம் ஊரில் யாராவது இருமினால் யாரும் யோசிக்க மாட்டார்களே, கைகாட்டத்தான் துறைமுகத்தில் நிலக்கரி மலை மலையாகக் கிடக்கிறதே. "கரித்தூசி மேடம். எங்க வீட்டு முன்னால பூரா கரி லாரிதான் போவுது, செவரு எல்லாம் கருப்பு" என்று அவரே சொன்னார். "கரிதான், வேற என்ன" என்றார் உன் அப்பா. கம்பெனி டாக்டரும் அதையே எழுதினார். நான் தலையாட்டினேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

அந்த வருஷம் மாதா கோவில் திருவிழாவுக்குக் கம்பெனியைப் பத்து நாள் மூடினார்கள். ஆட்களில் பாதிப் பேர் கடற்கரைக்காரர்கள், அதனால் மெஷின் பராமரிப்பை அந்த நாட்களில்தான் வைத்துக்கொள்வார்கள். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நாமும் தேர் பார்க்கப் போனோம். கூட்டத்துக்கு நடுவில் சேவியர் அண்ணன் தேர் வடம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பாட்டு வேறு. ஒரு இருமல் இல்லை. "என்ன அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?" என்று கேட்டேன். "மாதா கண்ணத் தொறந்துட்டா மேடம்" என்றார். பிலோமி பக்கத்தில் நின்று சிரித்தாள். பத்து நாளும் அவர் இருந்தது கரி லாரி போகிற தெருவில், சுவர் கறுத்த வீட்டில். கரி அப்படியே இருந்தது. இல்லாமல் போனது உலர்த்தி மட்டும்தான். தட்டுக்குத் தட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற குழி வைக்கிறவள் நான். அந்தக் குழியை யாரோ எனக்காக வைத்து, கண்ணுக்கு முன்னால் வடம் இழுக்கவும் வைத்தார்கள். நான் உனக்குப் பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கம்பெனி திறந்த மூன்றாம் நாள் மறுபடி இருமினார். அடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும், அவர் உள்ளே இருக்கும்போது பை கிழிந்தது. வெளியே வந்தவருக்கு இழுக்கத்தான் முடிந்தது, விட முடியவில்லை. கம்பெனி வேனில் ஏற்றினோம், நானும் ஏறினேன். பைபாஸில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அசையவில்லை. என் கையைப் பிடித்திருந்தார். "மேல வர முடியல மேடம்" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை எழுதும்போதும் அந்தக் கைப்பிடி என் மணிக்கட்டில் இருக்கிறது, மகனே. அது போகவே இல்லை.

நான்கு நாள் கழித்து மேலிடத்தில் ஒரு காகிதம் தயார் பண்ணினார்கள். இறந்தவர் துறைமுகப் பகுதியில் வசித்தவர், கரித்தூசியால் நெடுநாளாக மூச்சுக் கோளாறு உள்ளவர், வேலையிடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று. பிரிவுத் தலைவி என்று என் பெயர் கீழே இருந்தது. அன்று பிலோமி அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கதவருகே நின்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மேடம், கரின்னா வீட்லதான அதிகம்? லீவுல அவிய ஒரு நாகூட இருமலயே, ஏன் மேடம்?" ஆராய்ச்சிக்காரி நான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது அவள். எனக்குப் பதில் அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும், "ஊர்க்காத்து அப்படித்தான் பிலோமி, ஒருநாள் போல ஒருநாள் இருக்காது" என்றேன். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். என் பெயரில் வெளிவரப்போகிற முதல் நொதி என்ற ஆசை. இரண்டுமே இருந்தன, எது அதிகம் என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம், அது என்னையும் தொட்டிருக்கிறதா என்று பார்க்க, ரகசியமாகத் திருநெல்வேலியில் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனேன். நாற்பத்திரண்டில் ஒரு துளி கரைசலை நானே கொண்டுபோயிருந்தேன். முன்கையில் வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து தடித்து வட்டமாக எழும்பியது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்து அந்த வட்டத்தை அளந்தார். வருஷக்கணக்காக நான் தட்டில் செய்ததை என் தோலில் வேறொருவர் செய்தார். "ஒங்க உடம்பு இத எதிரின்னு முடிவு பண்ணிட்டு. இனி இத மூச்சுல சேக்காதீங்க" என்றார். முதல் தடவைகளில் உடம்பு அடையாளம் மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுமாம். எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் மறக்காதாம், பார்த்ததும் மூச்சுக்குழாயை இறுக்கிக்கொள்ளுமாம். நான் வேலையை விட்டுவிட்டேன். பிள்ளை படிப்பைக் கவனிக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். நீயும் பெரியவனான பிறகு, எனக்காகத்தானே விட்டாய் என்று ஒருநாள் கண் கலங்கினாய். அன்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பயமான இடத்துக்கு வருகிறேன். எங்கள் லேபில் கோட்டைத் துவைக்க ஏற்பாடு இல்லை. என் வெள்ளைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துதான் துவைப்பேன். நான் கட்டிலில் போட்டதும் நீ அதன்மேல் உருளுவாய், அம்மா வாசனை என்று முகத்தைப் புதைத்துக்கொள்வாய். அதோடு விட்டேனா? சாம்பிள் பொடியை டப்பாவில் கொண்டுவந்து உன் யூனிபார்மைத் துவைத்தேன். தெருவிலேயே உன் சட்டைதான் பளிச்சென்று இருக்கும். அந்த இரண்டு வருஷமும் உனக்கு நெஞ்சில் விசில் அடித்தது. மார்ச்சளி என்றார்கள், கரித்தூசி என்றார் உன் அப்பா. நான் வேலையை விட்ட பிறகு அது நின்றுபோனது. வளர்ந்ததால் சரியாயிற்று என்று நினைத்துக்கொண்டோம். என்னால் இதை நிரூபிக்க முடியாது. ஆனால் உன் உடம்புக்கு நாற்பத்திரண்டை அறிமுகப்படுத்தியது நானாக இருக்கலாம். நீ அதிலிருந்து இன்னும் வலுவான ஒன்றை வளர்த்து வைத்திருக்கிறாய்.

இந்தத் தடவை நீ வந்திருந்த பத்து நாளும் நான் சும்மா இருக்கவில்லை. அடுக்களைக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் ஒரு எண் எழுதினேன். பால் கணக்கு என்று நினைத்திருப்பாய். நீ எத்தனை தடவை இருமினாய் என்ற கணக்கு. முதல் நாள் இருபத்தொன்று. மூன்றாம் நாள் ஒன்பது. ஆறாம் நாளிலிருந்து ஒன்றுமே இல்லை. அன்றெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கரித்துகள் படிந்தது, நீயே தட்டிவிட்டாய். மைசூர் போய் நாலாம் நாள், போனில் மட்டும் ஏழு. ரோட்டுத் தூசி என்கிறாய். உனக்கு முன்னால் ஒருவர் கரித்தூசி என்றார்.

அதனால் கேட்கிறேன். திங்கட்கிழமை நீ அந்த அறைக்குள் போகாதே. உன் ஆட்களையும் அனுப்பாதே. பொடியாக விடாமல் உருண்டையாக்கி மேலே பூச்சுக் கொடுக்கிற முறை வந்து எவ்வளவோ காலமாகிறது, தூசி வெளியே வராமல் மூடின உலர்த்திகள் இருக்கின்றன. சோதனை ஓட்டம்தானே என்று உங்கள் ஆட்கள் அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார்கள், எங்களவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மருந்துக் கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று கேள். ஊதுகிற மூச்சின் வேகத்தை அளக்கிற கையளவு பிளாஸ்டிக் குழாய். வேலை நாளிலும் லீவு நாளிலும் ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி எண்ணை எழுதி வை. உன் ஆட்கள் ஒவ்வொருவரையும் ஊதச் சொல். உன் துளிகளை எத்தனை விதமாகச் சலிக்கிறாயோ சலித்துக்கொள், மனுஷனையும் ஒரு தடவை கேட்டுப் பார். பதவி போனால் போகட்டும். பயந்தாங்கொள்ளி என்றால் சொல்லட்டும். அம்மா தடுத்துவிட்டாள் என்று சொல்லிச் சிரி, நான் வாங்கிக்கொள்கிறேன். பிலோமியிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன், கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. அதற்கு முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான்

எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அம்மா, நல்ல சேதி. திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னுட்டாங்க. டிரையர் இன்னைக்கே சும்மா கெடக்கு. இப்ப ஓட்டப்போறோம். வெளிய வந்து பேசுதேன், என்ன?" அவ்வளவுதான். அந்த நாலு வரிக்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கியிருக்கிறாய். நாலு தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

உடனே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். இதுவரை எழுதிய பக்கங்களைப் படம் எடுத்து ஒவ்வொன்றாக உனக்கு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு டிக் விழுந்துவிட்டது, ஒன்றும் நீலமாகவில்லை. உங்கள் கம்பெனி நம்பரைத் தேடிப் போட்டேன். வாசல் காவலாளி எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியவில்லை, எனக்குக் கன்னடம் தெரியவில்லை. உன் பெயரை மூன்று தடவை சொன்னேன். "ஒளகே, ஒளகே" என்றார். உள்ளே இருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். கூப்பிடுங்கள், வெளியே கூப்பிடுங்கள் என்று கத்தினேன். லைன் போய்விட்டது.

உன் அப்பாவுக்குப் போன் போட்டு, இருபது வருஷமாகச் சொல்லாததை இரண்டு நிமிஷத்தில் சொன்னேன். "நீ பைய எடுத்து வை, நான் ஸ்டேஷனுக்கு வந்துருதேன், ரெண்டு பேருமே போவோம்" என்றார். குரல் அவர் குரல் மாதிரி இல்லை. மைசூர் ரயில் சாயங்காலம்தான். அதுவரை உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். இந்தக் கடைசிப் பக்கத்தையும் இப்போது படம் எடுத்து அனுப்பப்போகிறேன். போனைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இதுவாகத்தான் இருக்கும், அதனால் மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். மறுபடி அந்த அறைக்குள் போகாதே, உள்ளே இருப்பவர்களையும் வெளியே கூப்பிடு. சட்டையைக் கழற்றிப் போடு, தலையோடு குளி, உன்னோடு நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. என்மேல் உள்ள கோபத்தை நான் வந்த பிறகு காட்டு. ஆட்டோவில் ஏறியதும் என்னைக் கூப்பிடு. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். போனை வாய்ப்பக்கம் வைத்து மூச்சை மட்டும் விடு. நான் கேட்டுக்கொள்கிறேன்.